சுவார்ட்ஸ் ஐயரின் நினைவு: சலவைக்கல்லும் சபையும்

தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே, சிறிய கோட்டைக்குள், 1779ஆம் ஆண்டில் எழுந்த தேவாலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பம் உண்டு. சரபோஜி மன்னரின் வேண்டுகோளின்படி இங்கிலாந்தின் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பி செதுக்கியது. மரணப் படுக்கையில் கிடக்கிறார் கிறிஸ்தியான் பிரெட்ரிக் சுவார்ட்ஸ். மன்னர் அவர் கரத்தைப் பற்றி நிற்கிறார், அருகில் அமைச்சர்கள், பின்னே உடன் ஊழியராகிய கெரிக்கே, காலருகே பள்ளிப் பிள்ளைகள் சிலர். இதைக் கண்டு கண் கலங்காதார் அரியர். நாமும் கலங்கியவர்களே. எனினும், ஒரு போதகரின் நினைவை நாம் எவ்வாறு பேணுகிறோம் என்று ஆராயப் புகுவோருக்கு இக்கல் ஒரு கடினமான பாடம்.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் மாலை நடந்ததை உடனிருந்தோர் எழுதி வைத்துள்ளனர். உயிர் பிரிந்தது என்றெண்ணிக் கெரிக்கே ஞானப்பாட்டைத் தொடங்கினார். இறந்தார் என்று கருதப்பட்டவரோ தாமும் சேர்ந்து பாடினார். பின்னர், தம்மிடம் நன்றி மறவாத தமிழ் உதவியாளரின் கைகளில் சாய்ந்தவராய் ஆவியை ஒப்புக்கொடுத்தார். சரபோஜி அவ்வேளையில் அங்கில்லை. பெட்டி மூடப்படுமுன் வந்து, உடலின்மேல் கண்ணீர் சொரிந்து, கல்லறைவரை நடந்தார். அவர் அரியணை ஏறியதும் அவ்வாண்டின் பிற்பகுதியிலேதான்.

சிற்பிக்கு இந்த உரிமை உண்டு என்று சொல்லலாம். காலத்தைச் சுருக்குவது கலையின் இயல்பே. நாம் வருந்துவது வேறொன்றுக்காக. அரசரின் கை கல்லில் நிலைத்தது. அவரைத் தாங்கியிருந்த உபதேசிமாரின் கைகள் கல்லினின்று மறைந்தன. போதகருடைய உருவம் அரசர் ஒருவரின் துயரத்தினால் அளக்கப்பட்டது. மன்னரின் அன்பு மெய்யானது என்பதில் ஐயமில்லை. கல்லறைக்கென அவரே ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றினார்; அநாதைகளுக்குத் தந்தையாகவும் விதவைகளுக்கு ஆதரவாகவும் இருந்தவர் என்று ஐயரைப் போற்றினார். இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்த ஒருவர் ஒரு போதகரை இவ்வளவு நெருங்கி அறிந்திருந்தார் என்பதே வியப்பு.

ஆயின் சபையார் அறிந்த சுவார்ட்ஸ் யார்? போரினாலும் பஞ்சத்தினாலும் ஊரைவிட்டு ஓடிய உழவர் எவருடைய வாக்கையும் நம்பாதிருந்த நாட்களில், தம் சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர் என்று அவரே எழுதியுள்ளார். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார், ஆங்கில அதிகாரி ஒருவருடன் வாழ்ந்த நாட்களில் ஞானஸ்நானம் வேண்டியபோது அவர் மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778இல், கொடுத்தார். அந்த மறுப்பினால் அவ்வம்மையார் மனம் கசந்து விலகிப்போகவில்லை. அங்கே ஆலயம் எழும்பப் பாடுபட்டார். அச்சபைக்கு அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். கண்டிப்பும் கனிவும் ஒரே மனிதரிடத்தில் இருந்ததைச் சபையார் கண்டனர். நம் நினைவுக் கூட்டங்களில் கனிவை மட்டும் எடுத்துப் பேசுகிறோம்.

இனி, சொல்ல வேண்டிய கசப்பான பகுதி. சுவார்ட்ஸின் காலத்துத் தஞ்சை ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக அமர்ந்தனர். அவர் அதைப் பலாத்காரமாக உடைக்கவில்லை. பொறுமையும் போதனையும் மெல்ல மெல்லக் கரைக்கும் என்று நம்பினார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப்பின் வந்த புதிய மிஷனெரிமார் ஒன்றாய் அமரவும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகவும் கட்டளையிட்டபோது, சபையின் ஒரு சாரார் பழைய ஐயர்மாரின் பெயரையே கேடயமாக உயர்த்தினர். அவர்களுள் முதன்மையானவர் வேதநாயகம் சாஸ்திரியார். பன்னிரண்டு வயது முதல் சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். 1829இல் அவர் எழுதிய மறுப்புகளில், வேத மொழிபெயர்ப்பை மாற்றியதையும் விழாக்களில் மலரை விலக்கியதையும் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்ததையும் சாதி வழக்கத்தில் கைவைத்ததையும் ஒரே தட்டில் வைத்தார். முதல் மூன்றில் நாம் பெரும்பாலும் சாஸ்திரியாரின் பக்கமே நிற்போம். நான்காவதில் நிற்க முடியாது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனே அறவே விலக்கும்படி எழுதிய நிருபம் மறு ஆண்டில் தஞ்சையை எட்டியபோது பெருங்கூட்டம் சபையை விட்டு வெளியேறியது. அதே 1834இல் இலண்டனில் பியர்சன் எழுதிய சுவார்ட்ஸின் வாழ்க்கை வரலாறு வெளியாயிற்று. அங்கே வாசகர் அப்போஸ்தலனைப் போன்ற ஒருவரைக் கண்டு நெகிழ்ந்துகொண்டிருந்தனர். இங்கே அவருடைய பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லித் திருவிருந்தைப் பகிஷ்கரித்துக்கொண்டிருந்தனர்.

இதற்குச் சுவார்ட்ஸ் பொறுப்பாளியா? முழுவதும் அல்லர் என்பதே நம் கருத்து. ஆனால் அவருடைய பொறுமை, அவர் உயிரோடிருந்தபோது ஒரு போதனை. மறைந்தபின் ஒரு சட்டமாயிற்று. நேசிக்கப்பட்ட போதகர் எதைச் செய்யாமல் விட்டாரோ, அதுவே சபையின் உரிமையாகக் கோரப்படுகிறது. "எங்கள் பழைய ஐயர் இதைக் கேட்டதில்லை" என்ற வாக்கியத்தைத் தம் முதல் சபையிலேயே கேளாத குருவானவர் நம் வாசகருள் சிலரே இருப்பர்.

சாஸ்திரியார் தம் ஞானத் தந்தையை நேசித்ததில் குறை காண நமக்குத் தகுதியில்லை. ஐயரின் கைகளைத் தாங்கிய அந்த உபதேசிமார் 1834இல் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்பதை எந்தக் கல்லும் நமக்குச் சொல்வதில்லை.