சுவரோடு வந்து ஒட்டிக்கொள்ளும் அலமாரி

முதல் முறை அதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். திரையில் ஒரு கேபினட்டை மவுஸால் இழுத்துச் சுவர்ப் பக்கம் கொண்டுபோகிறேன். கிட்ட நெருங்கியதுமே அது தானாகத் திரும்பி, முதுகைச் சுவரில் சாய்த்துக் கச்சிதமாக நின்றது. அடுத்ததைக் கொண்டுபோனேன். முதல் கேபினட்டோடு தோளுக்குத் தோள் சேர்ந்து, நூலிழை இடைவெளி இல்லாமல் நின்றது. "அம்மா, இங்க வந்து பாருங்களேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

ஸ்வீட் ஹோம் 3டி என்பது அந்த மென்பொருளின் பெயர். எம்மானுவேல் புய்பரே என்ற பிரெஞ்சுக்காரர் ஜாவாவில் எழுதியது. காசு கிடையாது, மூல நிரலும் யாருக்கும் திறந்தே கிடக்கிறது. ஸ்கெட்ச்அப் போன்ற பெரிய கருவிகளையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதையும் செய்யலாம், ஆனால் முதலில் ஒரு வாரம் படிக்க வேண்டும். இதில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவன், படுக்கப் போகுமுன் என் சமையலறையின் முதல் வடிவத்தைத் திரையில் கட்டி முடித்திருந்தேன்.

எங்கள் வீடு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டில் இருக்கிறது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், மூவறை வீடு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே மூவறை என்றால் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம் என்று கணக்கு. பழைய வீடு என்பதால் குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. மூடியை நம் பக்கம் இழுத்துத் திறந்து, பையைப் போட்டால் அது கீழ்த்தளத்துக்குப் போய்விழும். புதிய அடுக்குமாடிகளில் குழாய் வீட்டுக்கு வெளியே பொதுவாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்த மூடியை மறந்துவிட்டு யாரும் கேபினட் போட முடியாது.

இந்தச் சமையலறையைப் புதுப்பிக்க, முதலில் வீட்டு வரைபடத்தை ஸ்கேன் செய்து பின்னணியாக ஏற்றினேன். அதில் அளவு தெரிந்த ஒரு கோட்டின் இரு முனையையும் காட்டி, "இது இத்தனை சென்டிமீட்டர்" என்று எழுதிவிட்டால் போதும், படம் முழுவதும் அளவுக்கு வந்துவிடும். அதன் மேலேயே சுவர்களை வரையலாம். ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் சமையலறையின் நீளச் சுவரைத் தரையில் அளந்தேன், 322. இடுப்பு உயரத்தில் 321, தலைக்கு மேலே 320. பழைய சுவர் அப்படித்தான் இருக்கும். மூன்றில் சிறியதை எடுத்துக்கொண்டேன்.

அந்த 320-இல் குளிர்சாதனப் பெட்டிக்கு 60, அடுப்புக்கு 75, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு 90. மீதி 95 முழுவதையும் கேபினட்டால் நிரப்பினேன், பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. அப்புறம்தான் குப்பை மூடி ஞாபகம் வந்தது. மென்பொருளில் குப்பைக் குழாய் மூடி எல்லாம் கிடையாது. ஆனால் எந்த அளவுக்கும் இழுத்துக்கொள்ளக்கூடிய வெறும் பெட்டி ஒன்று உண்டு, அது போதும். மூடி திறந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அந்த அளவில் ஒரு பெட்டி செய்து மூலையில் வைத்தேன். முப்பரிமாணப் படத்தில் அது கேபினட்டின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு நின்றது! பலகை அறுக்கும் முன்னே, ஒரு வெள்ளி செலவில்லாமல், தவறு கண்ணில் பட்டுவிட்டது. மூலையில் 45 சென்டிமீட்டரை வெறுமனே விட்டு, 50-க்கு ஒரே ஒரு கேபினட்டை அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் நகர்த்தினேன். காய் நறுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. சிங்கப்பூரில் கேபினட்டுக்கு விலை அடிக்கணக்கில்தான், ஃபுட் ரன் என்பார்கள். அந்த மூலையில் ஒன்றரை அடி மிச்சம்.

இந்த வேலையில் மூழ்கியிருந்த நாட்களில் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கியைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1926-இல் ஃபிராங்ஃபர்ட் நகரின் பொது வீடமைப்புக்காக அந்தக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை வெறும் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். எங்களுடையதும் கிட்டத்தட்ட அதே அளவு. நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சமைப்பவர் எங்கிருந்து எங்கே எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்குப் பார்த்து, அலமாரி எங்கே, தொட்டி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தவர். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைந்தது. நூறு வருடம் கழித்து அந்தக் கணக்கை என் மடிக்கணினியில் நானே போட முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

மேல் கேபினட்டுக்கு வருகிறேன், எனக்கு உயிரான பகுதி இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. 150 என்று போட்டேன், கேபினட் பறந்து போய்ச் சுவரில் தொங்கியது. அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நாமே நடந்து பார்க்கும் வசதி ஒன்றும் உண்டு, அம்புக்குறி விசைகளை அழுத்தினால் போதும். அதில் நடப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் மாற்றலாம். அம்மா 148 சென்டிமீட்டர்தான். சுவரில் சாயச் சொல்லி, கண் உயரத்தை டேப்பால் அளந்தேன், 137. அந்த எண்ணைப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன்.

என் கண்ணுக்குத் தெரிந்தது கேபினட்டின் அடிப்பலகை. உள்ளே ஒரு தட்டுகூடத் தெரியவில்லை. இத்தனை வருடமாக அம்மா பழைய அலமாரியை இப்படித்தான் பார்த்து வந்திருக்கிறார்கள். பருப்பு டப்பாவுக்கு முக்காலி, புளிக்கு முக்காலி, யாரும் இல்லாத நேரத்தில் அதன் மேல் ஏறி நிற்பது. எனக்குத் தொண்டை அடைத்தது.

மேடையை 85-க்கு இறக்கினேன். புகைபோக்கியை இறக்க முடியாது, அடுப்பிலிருந்து அதற்கென்று சொன்ன இடைவெளி வேண்டும். அதன் பக்கத்தில் இருந்த இரண்டு மேல் கேபினட்டையும் 138-க்குக் கொண்டுவந்தேன். மேலே கோடு ஒரே மட்டமாக இல்லை, படிபோல இறங்கி ஏறும். ஆழம் 35 போதும் என்று குறைத்தேன், இல்லாவிட்டால் குனியும்போது நெற்றியில் இடிக்கும். மறுபடியும் அம்மாவின் கண்ணோடு நடந்தேன். முதல் தட்டில் இருப்பது கண்ணுக்கு நேரே! அம்மாவை உட்கார வைத்துக் காட்டினேன். திரையைத் தொட்டுத் தொட்டு, "இங்க மிளகாய்த்தூள், இங்க கடுகு, அஞ்சறைப் பெட்டி அடுப்புக்கு இந்தப் பக்கம்" என்று குடிபோகவே ஆரம்பித்துவிட்டார்கள். மாவு அரைக்கும் கிரைண்டர் கனம், அதைத் தூக்கக் கூடாது என்று எதிர்ச்சுவரில் 40 ஆழத்துக்கு ஒரு தாழ்ந்த மேடை கேட்டார்கள். போட்டேன். நடுவில் 105 சென்டிமீட்டர் நடைவழி இருக்கிறதா என்று திரையிலேயே அளந்து பார்த்தார்கள்.

தச்சர் ஜோகூரிலிருந்து வரும் சீனப் பெரியவர். அம்மாவும் அவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மூடிக்கு விட்ட இடத்தில் விரலை வைத்துத் தலையாட்டினார். கீழே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டார். சுவர் கோணலுக்கு ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை அடிக்க வேண்டும் என்றார், அடித்தார். மற்றபடி திரையில் எப்படி நின்றதோ அப்படியே நின்றது.

நான்காம் மாடி அக்கா நேற்று வந்து பார்த்தார். சாமி அலமாரி கிழக்கு பார்க்க வேண்டுமாம், கழிவறைச் சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாதாம், கூடத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். "வரைபடத்தை மட்டும் எடுத்து வைங்கக்கா" என்று சொல்லியிருக்கிறேன். மென்பொருளில் திசைகாட்டியும் இருக்கிறது. சனிக்கிழமை காலை டேப்போடு போகிறேன்.