பழைய டகோமாவுக்குக் கனரகப் பட்டை ஸ்பிரிங்: உயரமும் விறைப்பும்

1995 முதல் 2004 வரையிலான மாடல்களாக அமெரிக்காவில் விற்பனையான முதல் தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப்புகளில், எஞ்சின் இன்னும் தளராமல் உழைத்துக்கொண்டிருக்க, பின்புறம் மட்டும் தாழ்ந்துபோன வண்டிகள் ஏராளம். அவற்றின் பின் அச்சைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். அதாவது, வளைத்துப் பதப்படுத்திய எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, சென்டர் போல்ட்டால் இறுக்கிய கட்டு. நெடுங்காலம் சுமை ஏறி இறங்குவதாலும், குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பினால் பட்டைகள் துருப்பிடித்து மெலிவதாலும் அந்த வளைவு மெல்லமெல்லத் தட்டையாகிவிடுகிறது. தாழ்வை அளக்க, தரையிலிருந்து அல்லாமல், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதே சரி. அப்போதுதான் டயரின் அளவும் காற்றழுத்தமும் கணக்கில் குழப்பம் விளைவிக்கமாட்டா.

இழந்த உயரத்தை மீட்கப் பலரும் நாடுவது கனரகப் பட்டைகளை. ஆனால் உயரமும் விறைப்பும் ஒன்றல்ல என்பதை வாங்குபவர் முதலில் உணரவேண்டும். உயரத்தைத் தருவது பெரும்பாலும் பட்டையின் வளைவு. விறைப்போ, அதாவது குறிப்பிட்ட அளவு அமுங்குவதற்குத் தேவைப்படும் எடையோ, தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே 6 மி.மீ. பட்டை இருந்த இடத்தில் 7 மி.மீ. பட்டை அமர்ந்தால், பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாவிட்டாலும், விறைப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு கூடிவிடும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு போன்ற தயாரிப்பாளர்கள், வண்டி எப்போதும் சுமக்கும் எடையை வைத்தே ஸ்பிரிங்குகளை வகைப்படுத்துவதன் காரணமும் இதுவே.

ஓட்டத்தில் இவ்வேறுபாடு ஒளிவதில்லை. தன்மேல் உள்ள எடையால் 10 செ.மீ. அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் நொடிக்கு ஏறத்தாழ 1.6 முறை அலைகிறது, 5 செ.மீ. மட்டுமே அமுங்கினால் அது 2.2 ஆகிறது. வெறும் தொட்டியுடன் செல்லும் வண்டியில் இந்த விரைவான அலைவு முதுகுக்கு உடனே தெரிவதோடு, குண்டும் குழியுமான வளைவில் பின்சக்கரங்கள் துள்ளிப் பிடிமானத்தையும் இழக்கின்றன. கருவிப் பெட்டிகளோ தங்கும் கூடோ நிரந்தரமாக ஏற்றப்பட்ட வண்டியில் அதே கட்டு மிகச் சிறப்பாக நடந்துகொள்கிறது: பின்புறம் அமிழ்வதில்லை, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைப்பதில்லை, குறுக்குக்காற்றிலும் வண்டி ஆடுவதில்லை. எனவே எப்போதாவது மட்டும் சுமையேற்றுபவருக்கு நடுத்தர வகையே ஏற்றது. கனரக வகை அவருக்குத் தண்டச் செலவு.

பலரும் கவனியாமல் விடுவது பிரேக்கை. இவ்வண்டிகள் பலவற்றின் பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலெழுந்து, சட்டத்தில் பொருத்தப்பட்ட சுமையுணர் வால்வின் நெம்புகோலோடு இணைகிறது. சுமையால் சட்டம் தாழும்போது அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடுகிறது. சட்டம் உயர்ந்திருந்தால் வண்டி வெறுமையாக இருப்பதாகக் கொண்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. புதிய பட்டைகள் சட்டத்தைத் தூக்கிவிட்டால், தொட்டி நிறையச் சுமை இருந்தும் பின் பிரேக்கு அரைமனதாகவே பிடிக்கும். உயர்ந்த அளவுக்கு அச்சுப்பக்கத்தில் ஒரு தாங்கியைப் பொருத்திக் கம்பியை மேலே தூக்கி இதைச் சரிசெய்யலாம் என்பதால், அந்தத் தாங்கிக்கும் சேர்த்தே விலை பேசுவது அறிவுடைமை.

பொருத்தும்போது, பட்டைகளை அச்சோடு பிணைத்து இழுபட்டு நீண்டிருக்கும் பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாகாது. பட்டையின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களின்மீது இறங்கிய பின்னரே முழுமையாக இறுக்கவேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். பட்டை எவ்வளவு தடித்தாலும் அச்சு, பேரிங், பிரேக்கு, சட்டம் ஆகியவை பழையனவே ஆதலால், தயாரிப்பாளர் குறித்த மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட உயர்வதில்லை.