மாதிரி ரயில்பாதை: சுருக்கமும் தேர்வும்

ஓடும் ரயிலையும் அது ஓடும் நிலத்தையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, ஓர் அறைக்குள் நிலையாக அமைக்கும் கைவினையே மாதிரி ரயில்பாதை. தரையில் பரப்பி விளையாடிவிட்டு மாலையில் எடுத்து வைத்துவிடும் பொம்மை ரயிலிலிருந்து இது வளர்ந்தது. 1891இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் வண்டிகளையும், வரையறுத்த அகலங்களில் தண்டவாளத் துண்டுகளையும் வைத்தது. அன்று வாங்கியதோடு பிறகு வாங்கியதும் பொருந்தும் என்ற உறுதி கிடைத்தவுடன், பொம்மை ஓர் அமைப்பாக வளரத் தொடங்கியது. 1934இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழ் தொடங்கியது. மறு ஆண்டு அதே நகரில் அமெரிக்க மாதிரி ரயில்பாதையாளர்களின் தேசியச் சங்கம் உருவாகி, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை வகுத்தது.

இந்தக் கலையை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நுணுக்கத்தையே எண்ணிப் பார்க்கிறார்கள்: எத்தனை ரிவெட்டுகள் தெரிகின்றன, ஸ்லீப்பர் கட்டையில் மரத்தின் ரேகை இருக்கிறதா, ஜன்னலுக்குள் திரைச்சீலை உண்டா. அது போதாத அளவுகோல். எந்த ரயில்பாதையும் ஓர் அறைக்குள் முழுமையாக அடங்குவதில்லை. எதை விட்டுவிடுவது, எதைக் குறுக்குவது, எதைக் கைவிடாமல் காப்பது என்ற தேர்வில்தான் இந்தக் கைவினையின் தரம் தெரிகிறது.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். உலகில் மிகப் பரவலான விகிதம் ஹெச்ஓ எனப்படும் 1:87. அதில் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. இந்த விகிதத்தில் ஒரு கிலோமீட்டர் 11.5 மீட்டராகிறது. எட்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்டேஷன்களை உள்ளபடி வைக்க 92 மீட்டர் நீளமுள்ள கூடம் வேண்டும். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவு 3.45 மீட்டராகச் சுருங்கும். ரயில் அரைவட்டம் அடித்துத் திரும்ப ஏறத்தாழ 7 மீட்டர் அகலம் தேவை. மார்க்லினின் பழக்கமான வளைவுத் துண்டின் ஆரமோ 36 செ.மீ. நிஜத்தில் அது 31 மீட்டருக்குச் சமம். எந்த விரைவு ரயிலும் அப்படித் திரும்பாது. 26.4 மீட்டர் நீளமுள்ள ஜெர்மன் பயணிகள் பெட்டி 1:87இல் 30 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வரும். அந்த வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே தயாரிப்பாளர்கள் உயரத்தையும் அகலத்தையும் தொடாமல் நீளத்தை மட்டும் 1:100 என்றும், பின்னர் 1:93.5 என்றும் குறைத்தார்கள். கண் அதை ஏற்றுக்கொண்டது.

வேகமும் எடையும் இதைவிடப் பிடிவாதமானவை. மணிக்கு 100 கி.மீ. வேகம் 1:87இல் விநாடிக்கு 32 செ.மீ. ஆறு மீட்டர் அறையின் ஒரு முனையில் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் பத்தொன்பதே விநாடியில் மறுமுனைக்குப் போய்விடும். பயணம் என்ற உணர்வு எழவே நேரம் இல்லை. எடையோ நீளத்தின் மும்மடியில் குறைகிறது. 100 டன் இன்ஜின் கணக்குப்படி 152 கிராம்தான் இருக்க வேண்டும். அந்த எடையில் அது தண்டவாளத்தைப் பற்றி நின்று இழுக்காது. எனவே இன்ஜின்களுக்குள் உலோகக் கட்டிகளை வைக்கிறார்கள். வேகன்களுக்கும் நீளத்துக்கேற்ற எடையை அமெரிக்கச் சங்கம் பரிந்துரைக்கிறது. மோட்டார் சுழன்று சக்கரங்கள் உருள்கிற இடத்தில் இயற்பியல் முழு அளவிலேயே இயங்குகிறது. அதைச் சுருக்க யாராலும் முடியாது.

இப்படிச் செய்த சமரசங்களில் மிக நீண்ட வாக்குவாதத்துக்கு உள்ளானது பிரிட்டனின் ஓஓ அளவு. பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒடுங்கியவை. அக்காலத்து மோட்டார்கள் 1:87 பிரிட்டிஷ் இன்ஜினுக்குள் அடங்கவில்லை. எனவே வண்டியை மட்டும் 1:76க்குப் பெரிதாக்கி, தண்டவாளத்தைப் பழைய 16.5 மி.மீ. அகலத்திலேயே விட்டார்கள். சரியான அகலம் 18.83 மி.மீ. விளைவாக, 1,435 மி.மீ. இருக்க வேண்டிய பாதை சுமார் 1,257 மி.மீ. பாதைபோலத் தோன்றுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் இன்ஜினின் கால்கள் நெருங்கி நிற்பது உடனே தெரியும். இதைப் பொறுக்காதவர்கள் 18.2 மி.மீ. அகலமுள்ள இஎம் அளவுக்குப் போனார்கள்; 1960களில் இன்னும் கறாரானவர்கள் 18.83 மி.மீ. என்ற பி4 அளவை வகுத்தார்கள். பி4 பாதையின் அழகு மறுக்க முடியாதது. ஆனால் அதில் சக்கர விளிம்பு மெல்லியது. தண்டவாளம் இம்மி பிசகினாலும் வண்டி தடம் புரளும். இன்ஜினின் அச்சுகளுக்கு மேலும் கீழும் அசையும் தாங்கிகள் வேண்டும். வளைவுகள் மிகப் பெரிதாக வேண்டும். கடையில் வாங்கிய ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் மாற்றியாக வேண்டும். ஆயுளில் பெரும்பகுதியைச் சக்கரம் மாற்றுவதில் கழித்து, சில மீட்டர் பாதையோடு நின்றுபோகிறவர்கள் உண்டு. இந்தப் பேரத்தில் ஓஓ பாதைக்காரருக்கே அதிக லாபம் என்று சொல்ல நியாயம் இருக்கிறது: பக்கவாட்டில் பார்க்கும்போது அகலக் குறை கண்ணில் படாது, ஓடும் ரயிலைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம்.

இந்திய ரயிலை மாதிரியாக்க முனைபவருக்கும் இதே சிக்கல் வருகிறது. 1,676 மி.மீ. அகலப்பாதை 1:87இல் 19.3 மி.மீ. ஆகும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையில் நிறுத்தினால் அகலப்பாதைக்குரிய கம்பீரம் போய்விடும். மீட்டர் கேஜுக்கு அந்தக் குறை இல்லை. ஆல்ப்ஸ் மலை ரயில்களுக்காக உருவான 12 மி.மீ. பாதை, 11.5 மி.மீ. என்ற சரியான அளவுக்கு மிக அருகில் வருகிறது. நீலகிரி மலை ரயிலை மாதிரியாக்க நினைப்பவர் அந்த வகையில் பேறு பெற்றவர்.

அளவுகளுக்கு அடுத்தது நிலக்காட்சி. மரச்சட்டங்களின் மேல் பலகையோ நுரைப்பலகையோ அடித்து, கம்பிவலைமீது காகிதத்தையும் பிளாஸ்டரையும் போர்த்தி மலை செய்கிறார்கள். தண்டவாளத்தின் இடையே பொடிஜல்லி தூவி, பாத்திரம் கழுவும் சோப்பு ஓரிரு சொட்டு விட்டு நீர்த்த வெள்ளைப் பசையை ஊற்றி இறுக்குகிறார்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை ஜல்லிக்குள் இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். மின்னேற்றம் பெற்ற செயற்கை இழைகள் நிமிர்ந்து நிற்கும் புல்லாகின்றன. புத்தம்புது வண்டிமேல் துருவும் கரியும் எண்ணெய்க் கறையும் ஏற்றி, அது பல ஆண்டுகள் உழைத்ததாகக் காட்டுவது தனிக் கலை.

அந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் ஜான் ஆலன். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர். தம் வீட்டின் அடித்தளத்தில் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்ற கற்பனை மலை ரயில்பாதையை 1950களிலிருந்து கட்டினார். தரையிலிருந்து கூரைவரை எழும் பாறைகள், பள்ளத்தாக்குகள்மேல் தாவும் மரப்பாலங்கள், வெளியை இரட்டிப்பாக்கும் கண்ணாடிகள், தொலைவில் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும் கட்டடங்கள் எனக் கண்ணை ஏமாற்றும் எல்லா வழிகளையும் அவர் அறிந்திருந்தார். அவருடைய பட்டறைச் சுவர்கள் சாயம்போய், கூரைத் தகரம் துருப்பிடித்து நின்றன. அதுவரை பளபளப்பையே அழகு என்று நம்பியிருந்த பொழுதுபோக்குக்கு, காலம் தேய்த்த பொருளின் அழகை அவர் கற்றுக்கொடுத்தார். அதே பாதையின் யார்டில் எம்மா என்ற ஸ்டெகோசாரஸ் டைனோசர் வேகன்களை இழுத்து ஷண்டிங் செய்தது. மெய்ம்மைக்கு இவ்வளவு உழைத்தவர் கற்பனைக்கும் இடம் விட்டது அவருடைய பெருந்தன்மை.

ஆலனின் செல்வாக்கில் ஒரு கேடும் ஒளிந்திருந்தது. அவருடைய பாதையை நேரில் பார்த்தவர்கள் சிலரே. உலகம் அதைப் புகைப்படங்களில்தான் கண்டது. புகைப்படம் ஒரு மூலையைத் தேர்ந்து காட்டும்; மற்றதை வெட்டிவிடும். அவற்றைப் பார்த்து வளர்ந்த பலர், ஒவ்வொரு சதுர அடியும் படமாக வேண்டும் என்று எண்ணினார்கள். ஒரு பள்ளத்தாக்கு, ஒரு பாலம், ஒரு சுரங்கம், ஒரு விபத்து, ஒரு திருமண ஊர்வலம் என ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்ட பாதைகள் பெருகின. நிஜ ரயில் பெரும்பாலான தூரத்தை வெறும் வயல்களினூடே கடக்கிறது. வெறுமையை விட்டுவைக்கத் தெரியாததே நிலக்காட்சிக் கலையின் மிகப் பெரிய குறை. 2001இல் ஹாம்புர்க்கில் இரட்டையர்களான பிரவுன் சகோதரர்கள் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் அந்தத் திணிப்பைப் பொதுமக்கள் காட்சியாக்கிப் பெருவெற்றி பெற்றது. அங்கே விமானங்கள் ஓடுபாதையிலிருந்து மேலெழுகின்றன, கார்கள் தாமே தெருவில் ஓடுகின்றன. காட்சியாக அது வியப்புக்குரியது. ரயில் அங்கே பல வேடிக்கைகளில் ஒன்றாகிவிட்டது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் அப்பகுதியின் ஓலைக்கூரை வீடுகள் மாற்றப்படுவதையும் இடிக்கப்படுவதையும் கண்டு, அவற்றை 1:76 விகிதத்தில் அட்டையாலும் நீர்வண்ணத்தாலும் பதிவுசெய்யத் தொடங்கினார். 1954இல் அது அருங்காட்சியகமாயிற்று. 1920, 30களின் வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கை அங்கே தலைமுறைகள் கடந்தும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நின்ற வீடுகளை அளந்து, படமெடுத்துச் செய்தவை அவை. இங்கே நுணுக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது: நிலத்தில் அழிந்துவிட்ட கிராமம் அங்கே ஆவணமாக நிற்கிறது. நுணுக்கம் எதற்காக என்ற கேள்விக்கு பெண்டனைவிடத் தெளிவான பதில் இந்தத் துறையில் வேறில்லை.

பார்ப்பதற்கு மட்டும் அமைத்த பாதை விரைவில் சலித்துவிடும். வட்டத்தில் சுற்றும் ரயிலுக்குப் போய்ச்சேர ஊர் கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்க வந்தது இயக்கம் என்ற கருத்து: ஒவ்வொரு வேகனுக்கும் சரக்குச் சீட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் கால அட்டவணை, நண்பர்களுக்கு டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்புகள். நான்கு மடங்கோ ஆறு மடங்கோ வேகமாக ஓடும் கடிகாரம், குறுகிய தூரத்தை நேரத்தால் நீட்டுகிறது. ஜான் ஆலனே ஐந்து பாயிண்டுகளை (தடமாற்றிகளை) மட்டும் கொண்டு ‘டைம்சேவர்’ என்ற ஷண்டிங் புதிரை வகுத்தவர். ஆனால் இயக்கத்தை மையமாக வைத்துப் பாதையைக் கட்டும் முறைக்குப் பெரும் உந்துதல் தந்தவர் ஓஹையோவின் ஆலன் மெக்லெலண்ட். வர்ஜீனியன் அண்ட் ஓஹையோ என்ற அவருடைய கற்பனை ரயில்பாதை நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து பெரிய ஊர்களுக்குச் சரக்கு கொண்டுபோனது. கண்ணுக்குத் தெரியாத யார்டுகள் அறைக்கு அப்பால் உள்ள நாட்டைக் குறித்தன. ஒரு வேகன் அங்கிருந்து வருகிறது, அங்கே போகிறது. பார்ப்பவர் மனம் மீதியைக் கட்டிக்கொள்கிறது. தனித்தனி வண்டியில் எல்லா நுணுக்கமும் வேண்டாம்; எல்லாவற்றிலும் சீராகப் போதுமான தரம் இருந்தால் போதும் என்ற அவருடைய கொள்கை, இந்தத் துறையில் பேசப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான கருத்துகளில் ஒன்று. ஒரே ஒரு அற்புதமான இன்ஜின் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மட்டமாகக் காட்டிவிடும்.

இயக்கத்துக்கும் குறை உண்டு. அதற்கு ஆள் வேண்டும்; ஒத்துப்போகும் மனம் வேண்டும். சீட்டுகளும் விதிகளும் பெருகினால் ஓய்வுநேரம் அலுவலகமாகிவிடும்.

மின்னியல் பக்கத்தில் பலன்கள் தெளிவு. 1946இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில் தொலைபேசி ரிலேக்களால் சிக்னல் கட்டுப்பாடு அமைத்த மாணவர்களில் பலர், பின்னர் கணினிப் பண்பாட்டின் முன்னோடிகளானார்கள். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1990களில் அமெரிக்கச் சங்கம் பொதுத்தரமாக ஏற்ற டிசிசி என்ற எண்முறைக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி முகவரி உண்டு. ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்களை வெவ்வேறு வேகத்தில் ஓட்டலாம். ஆனாலும் தண்டவாளத்தில் தூசி படிந்தால் எவ்வளவு விலை உயர்ந்த இன்ஜினும் நின்றுவிடும். துடைப்பது இந்தப் பொழுதுபோக்கின் தீராத வேலை.

ஆயத்தமாக விற்கும் வண்டிகளின் தரம் இன்று மிக உயர்ந்துவிட்டது. கைத்திறன் குறைகிறது என்ற புலம்பல் அதனால் எழுகிறது. அதில் பாதி உண்மை. கையால் இன்ஜின் கட்டும் திறன் அருகியிருக்கிறது. ஆனால் அதற்குச் செலவான ஆண்டுகள் மிச்சமாகி நிலக்காட்சிக்கும் இயக்கத்துக்கும் கிடைத்தன. உண்மையான தீங்கு வேறு: வாங்கிச் சேர்ப்பதே கட்டுவதாகிவிடுகிறது. அலமாரியில் நூறு இன்ஜின்கள் இருக்க, பாதை ஒரு பலகையோடு நிற்கிறது.

பேசப்பட வேண்டிய இன்னொரு குறை நினைவின் தேர்வு. அமெரிக்கப் பாதைகள் நீராவியிலிருந்து டீசலுக்கு மாறிய 1950களை மிகவும் விரும்புகின்றன. அதே காலத்தில் தென் மாநிலங்களின் ஸ்டேஷன்களில் கறுப்பினத்தவருக்குத் தனிக் காத்திருப்பு அறைகள் இருந்தன. நுணுக்கத்தில் பெருமைகொள்ளும் மாதிரிகளில் அந்த இரண்டாவது கதவு அரிது. 1930, 40களின் ஜெர்மன் இன்ஜின்கள் ரிவெட் பிசகாமல் செய்யப்படுகின்றன. அதே இன்ஜின்கள் இழுத்த நாடுகடத்தல் ரயில்களைப் பாதைகளில் காண்பது அரிது. ஒரு பொழுதுபோக்கு துயரத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் வரலாற்று உண்மை என்ற சொல்லைத் தன் தரத்துக்குச் சான்றாக நிறுத்தும் கலை, துருவின் நிறத்தில் மட்டும் உண்மையாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாட முடியாது.

இறுதியாக, ஆயுள். பெரும்பாலான பாதைகள் கட்டியவரோடு முடிகின்றன. சுவரோடு சுவராகப் பிணைந்த மலையை வீடு மாறும்போது எடுத்துச்செல்ல முடியாது. ஜான் ஆலன் 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களுக்குள் வீட்டில் தீப்பிடித்து அவருடைய பாதையின் பெரும்பகுதி எரிந்துபோனது. இந்தக் குறுகிய ஆயுளுக்கு இதுவரை கிடைத்த நல்ல விடை துண்டுப்பாதைகள். ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு மேசையளவு கட்டி, பொது அளவிலான முனைகளால் மற்றவர்களுடையதோடு இணைக்கிறார்கள். 1970களில் கலிஃபோர்னியாவில் தோன்றிய என்டிராக் முறை 1:160 விகிதத்தில் இதைப் பரப்பியது. அதன் குறை பார்த்தவுடன் தெரியும்: மேசையின் முன்விளிம்பை ஒட்டி மூன்று இணைப்பாதைகள் நேராக ஓட வேண்டும் என்பதால், எல்லாத் துண்டுகளும் ஒன்றுபோலவே தோன்றின. பின்னர் வந்த ஃப்ரீமோ முறை முக்கியமாக முனைப்பலகையின் அளவை வரையறுத்து, நடுவே பாதையின் போக்கைக் கட்டுபவரிடமே பெரிதும் விட்டது. அதனால் வயலினூடே நீண்டு செல்லும் ஒற்றைப் பாதைக்கு இடம் கிடைத்தது. வளைவுகளை விசாலமாக்கவும் முடிந்தது. இணைத்து ஓட்டப் பெரிய மண்டபமும், கட்டியவர்கள் ஒருநாள் கூடிவருவதும் தேவை. கூட்டம் கலைந்த பின் ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்கிறது. உரியவர் போனாலும் இன்னொருவர் வாங்கி, தம் பாதையோடு இணைத்துக்கொள்ளலாம்.