விகிதத்துக்குள் அடங்காத வேர்

மம்சாபுரத்துக்கு மேற்கே எழும் மலைக்காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. இத்தகைய காட்டின் கார்பன் இருப்பைக் கணிக்க, மரத்தின் சுற்றளவை அளந்து, தரைக்கு மேலுள்ள எடையைக் கண்டு, அதில் ஒரு பங்கை வேருக்கு எழுதுவது வழக்கம். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி, வறண்ட வெப்பமண்டலக் காட்டில் மேல் எடை ஹெக்டேருக்கு 20 டன்னுக்குக் குறைந்தால் 0.56, மிகுந்தால் 0.28 என்று விகிதம் தருகிறது. ஒரு மரத்தையும் தோண்டாமல், எங்கும் ஒரே அளவுகோலால் கணக்கிட முடிவது இதன் பலம். ஆனால் 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய வேர்களை மண்ணின் கரிமப் பொருளிலிருந்து பிரிப்பது கடினம் என்பதால், அவை பெரும்பாலும் இக்கணக்கில் சேர்வதில்லை. இருப்பைச் சொல்ல இந்த விகிதம் உதவும். காடு இனி எப்படி வளரும் என்று சொல்ல உதவாது.

காரணம், நுண்வேரின் முக்கியத்துவம் எடையில் இல்லை, செலவில் இருக்கிறது. அது ஆண்டுக்கு ஒருமுறை மடிந்து முளைப்பதாகக் கொண்டாலே, உலகத் தாவர உற்பத்தியில் மூன்றிலொரு பங்கு அதற்குப் போகிறது என 1997-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. காட்டின் வளர்ச்சியைக் கணிக்கும் பல கணினி மாதிரிகளோ இலை வளர்ந்தால் வேரும் வளரும் என்று வைத்துக்கொள்கின்றன. கோடையில் இலையுதிர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நிற்கும் அடிவாரக் காட்டில் இரண்டும் ஒரே வேளையில் நடக்க வேண்டியதில்லை. வேரோடு கூட்டு வாழும் பூஞ்சையின் பங்கு இன்னும் மறைவானது. மண்ணைச் சல்லடையில் கழுவி, இடுக்கியால் வேர்களைப் பொறுக்கினாலும் அதன் இழைகள் கைக்கு வருவதில்லை; வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உள்ளே புகுந்திருப்பது தெரியும். மாவும் புளியும் இப்படிப்பட்ட பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்துப் பாஸ்பரஸ் பெறுகின்றன. அமெரிக்காவில் உருவான சி.எல்.எம்.5 என்ற நிலப்பரப்பு மாதிரி இக்கொடுக்கல் வாங்கலைக் கார்பன் செலவாகவே எழுதியது பெரிய முன்னேற்றம். ஆனால் அது வரவு வைப்பது நைட்ரஜனை மட்டுமே. பாஸ்பரஸ் தட்டுப்பாடு மிகுந்த வெப்பமண்டல மண்ணில் இது பாதிக் கணக்கு.

மாதிரியில் அளவெண்களைக் கூட்டினால் பிழையும் கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். அளக்காத பூஞ்சைக்கு எண் கொடுப்பது ஊகத்துக்குச் சூத்திர வேடம் போடுவதாகும். ஆனால் விட்டுவிடுவதும் ஓர் ஊகமே. பூஞ்சைக்கான செலவு பூஜ்யம் என்ற ஊகம் அது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டாம். உறிஞ்சும் வேரையும் கடத்தும் வேரையும் முதலில் பிரிக்கலாம். பாஸ்பரஸை வரவில் சேர்க்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் இந்த அடிவாரத்திலேயே மண்ணெடுத்து அளந்து, கணிப்பு திருந்துகிறதா என்று சோதிக்கலாம். திருந்தாத சேர்க்கையை நீக்கிவிடலாம். வேறு நாட்டுக் காட்டில் தேறிய விகிதத்தை இங்கே சோதிக்காமல் நம்புவதைவிட இது நேர்மையான வழி.