சேலஞ்சரின் சரக்கறையிலிருந்து

கடலாய்வுக் கப்பல்கள் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் முதல் பத்தியிலேயே எச்.எம்.எஸ். சேலஞ்சர் வந்துவிடும். 1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, 1876 மே மாதம் திரும்பிய போர்க்கப்பல். பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டு ஆய்வகம் கட்டினார்கள். 362 ஆய்வு நிலையங்கள், 50 தொகுதி அறிக்கை. இந்தக் கணக்கெல்லாம் நமக்கு மனப்பாடம்.

அறிக்கையை முழுசா படிச்சவன் இல்லை நான். ஆனால் அதே கப்பலில் சரக்கறை உதவியாளராக இருந்த ஜோசப் மேட்கின் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை இரண்டு தடவை படிச்சிருக்கேன். பிலிப் ரெபாக் பதிப்பித்து 1992-ல் வந்த ‘அட் சீ வித் த சயன்டிஃபிக்ஸ்’. தலைப்பில் இருப்பது கப்பலில் விஞ்ஞானிகளுக்கு வைத்த பட்டப்பெயர்.

துணுக்குகளுக்காக மட்டும் இதைப் படிப்பது அநியாயம். 1875 மார்ச் 23, மரியானா அகழிப் பக்கம்: ஆழம் 4,475 பாகம் (நம்ம மீனவர்கள் கை விரித்து அளக்கிற பாகம் மாதிரிதான்), சுமார் 8,180 மீட்டர். பாடப்புத்தகத்தில் அது ஓர் எண். கப்பலில் அது சணல் கயிறு. எட்டு கிலோமீட்டருக்கு மேல் இறக்கணும், திரும்ப இழுக்கணும். சந்தேகம் தீர அன்றைக்கு இரண்டு முறை செய்தார்கள். கடலடியை வாரி எடுக்கும் ‘ட்ரெட்ஜிங்’ வேலையை மாலுமிகள் ‘ட்ரட்ஜிங்’ என்றார்கள், அதாவது மாட்டு உழைப்பு. மூன்றரை வருஷம், வந்ததெல்லாம் பெரும்பாலும் சேறு. விஞ்ஞானிக்கு அந்தச் சேறே புதையல். இழுக்கிறவனுக்கு?

பயணம் தொடங்கிய சில மாதங்களிலேயே, 1873-ல், அந்த வேலையின்போது கப்பி பிய்த்துக்கொண்டு வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற பையன் செத்துப்போனான். சுமார் 240 பேர் கிளம்பிய கப்பலிலிருந்து வழியில் ஏறத்தாழ 60 பேர் ஓடிப்போனார்கள். நாலில் ஒருவர்!

எனக்கு இந்தப் புத்தகத்தோடு ஒரு சண்டையும் உண்டு. ‘கீழ்த்தளத்தின் குரல்’ என்று மேட்கினைக் கொண்டாடுவது பாதிதான் சரி. அவர் அச்சுக்கூடக்காரர் மகன், எழுத்து சரளமாக வரும். உத்தியோகம் அரிசி, மாவு, ரம் கணக்கு. கயிற்றுப் பக்கம் நின்றவர் இல்லை, ஆய்வகத்துக்குள் பழகியவரும் இல்லை. இரண்டையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். அந்தத் தூரம்தான் கடிதங்களை இவ்வளவு தெளிவாக்குகிறது. அதனாலேயே கை காய்த்துப்போனவன் என்ன நினைத்தான் என்பது இதிலும் இல்லை. ஓடிப்போனவர்களை அவர் எழுதுகிறார். அவர்கள் தங்களை எழுதிக்கொள்ளவில்லை.

படிக்கப்போகிறவர்கள் ஸ்டோக்ஸ் இறந்த கடிதத்திலிருந்து தொடங்குங்க. முன்னுரையை அப்புறம் பாத்துக்கலாம்.