எந்தச் சோறு பதம்?

விக்கிப்பீடியாவில் ஒரு சினிமாவைத் தேடிப் போனால் வலப்பக்கத் தகவல் பெட்டியில் போஸ்டர் இருக்கும். நாவல் என்றால் முன்னட்டை, இசைத்தொகுப்பு என்றால் அதன் உறை. இவற்றைப் பக்கம் எழுதுபவர் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 'எங்கள் சரக்குக்கு இதுதான் முகம்' என்று தயாரிப்பாளரும் பதிப்பாளரும் முன்பே முடிவு செய்திருப்பார்கள். எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. இணையத்தில் மட்டும் வெளியாகும் காமிக்ஸுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. அட்டை இல்லை, போஸ்டர் இல்லை. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரிப்கள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன. அதிலிருந்து ஒன்றை உருவி, 'இந்தப் படைப்பு இப்படித்தான் இருக்கும்' என்று காட்டும் பொறுப்பு பெயர் தெரியாத ஒரு தன்னார்வலர் தலையில் விழுகிறது.

பார்க்கச் சில்லறை வேலை. உண்மையில் இது விமர்சகர் செய்யும் வேலை. எந்தப் படத்தை எடுத்தாலும், இந்தப் படைப்பில் முக்கியமானது எது என்ற தீர்ப்பு ஒன்று அதற்குள் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு எங்கே தேறுகிறது, எங்கே சறுக்குகிறது?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற கணக்கு அச்சாகப் பொருந்தக்கூடிய வெப்காமிக்ஸ் ஒன்று உண்டு: கனடாவின் ரயன் நார்த் 2003 பிப்ரவரியில் தொடங்கிய 'டைனோசர் காமிக்ஸ்'. ஒவ்வொரு நாளும் அதே ஆறு கட்டங்கள், கட்டத்துக்குள் அதே படங்கள். டி-ரெக்ஸ் பேசிக்கொண்டே வரும். வழியில் ஒரு குட்டி வீட்டை மிதிக்கக் காலைத் தூக்கியிருக்கும். யூட்டாராப்டர் என்ற இன்னொரு டைனோசர் வந்து மறுத்துப் பேசும். கடைசிக் கட்டத்தில் டி-ரெக்ஸ் தனியாக நிற்கும். பேச்சு மட்டும்தான் மாறும். எந்த ஸ்ட்ரிப்பை எடுத்து ஒட்டினாலும் தப்பில்லை என்று தோன்றுகிறது. ஆனால் முதல்முறை பார்ப்பவரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். படங்கள் ஒருநாளும் மாறாது என்பதுதான் இந்தக் காமிக்ஸின் உயிர். ஒரே ஒரு ஸ்ட்ரிப்பைப் பார்ப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. மாறாமை கண்ணில் பட வேண்டுமானால் குறைந்தது இரண்டு வேண்டும். இவ்வளவு ஒரே சீரான பானையிலேயே ஒரு சோறு போதவில்லை என்றால், மற்றவற்றின் கதி என்ன?

ராண்டல் மன்றோவின் 'எக்ஸ்கேசிடி' எதிர்த் திசையில் நிற்கிறது. 2005இல் தொடங்கியது. இங்கே ஒரு நாள் காதல், மறுநாள் கணிதம், அதற்கடுத்த நாள் வரைபடம். ஆட்கள் குச்சி மனிதர்கள்; முகமே கிடையாது. கறுப்புத் தொப்பிக்காரர் என்ற பாத்திரத்தைத் தொப்பியை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். போதாக்குறைக்கு, படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும் தெரியும் ஒரு வரி ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் உண்டு. பல நாட்களில் அதுதான் உண்மையான நகைச்சுவை. படத்தை வெட்டி எடுத்து வேறு பக்கத்தில் ஒட்டும்போது அந்த வரி கழன்று விழுந்துவிடுகிறது. 2013 மார்ச்சில் தொடங்கி நான்கு மாதம் ஓடிய 'டைம்' என்ற 1190ஆவது ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் இருவர் இருப்பதில் ஆரம்பித்து, ஒன்றன்பின் ஒன்றாக மாறி வந்த 3,099 படங்கள். 2014இல் ஹியூகோ விருது பெற்றது. இதற்குப் பிரதிநிதியாக எந்தப் படத்தை நிறுத்துவது? எதை நிறுத்தினாலும் கிடைப்பது ஒரு காட்சி மட்டுமே, காத்திருப்பு கிடைக்காது.

இனி அளவுச் சிக்கல். காப்புரிமை உள்ள படங்களைச் சிறிதாக்கித்தான் போட வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் நியாயப் பயன்பாட்டு விதி. ஏறத்தாழ ஒரு லட்சம் பிக்சலுக்குள் அடங்குவது அங்கே வழக்கம். இதைக் கையால் செய்து பார்த்தால்தான் வலி புரியும். 700 பிக்சலுக்கு மேல் அகலமுள்ள மூன்று கட்ட ஸ்ட்ரிப் ஒன்றைத் தகவல் பெட்டிக்குள் அடங்கும்படி 250 பிக்சலுக்குச் சுருக்குங்கள். ஆட்கள் தெரிவார்கள், கட்டங்களின் கோடு தெரியும். பேச்சுக்குமிழ்களுக்குள் இருப்பதோ எறும்பு ஊர்ந்த தடம் போலாகிவிடும். வசனத்தால் வாழும் காமிக்ஸை வாயடைத்து நிறுத்துவதற்குச் சமம் இது.

அதனால்தான் பலரும் முழு ஸ்ட்ரிப்பை விட்டுவிட்டு ஒரு கட்டத்தை, பெரும்பாலும் நாயகன் முகத்தை, வெட்டி எடுக்கிறார்கள். கதை உத்திகளைத் தொகுக்கும் 'டிவி ட்ரோப்ஸ்' தளத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு கேலிப்பெயரே உண்டு: 'வெறும் முகமும் ஓர் அடிக்குறிப்பும்'. பக்கம் எதைப் பற்றியது என்பதைப் படம் சொல்ல வேண்டும். வெறும் முகத்தைப் போட்டு அடியில் ஒரு வரியை எழுதினால் அது எதையும் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில்தான் காமிக்ஸ் நடக்கிறது என்று காமிக்ஸ் கோட்பாட்டாளர் ஸ்காட் மெக்ளவுட் 1993லேயே விளக்கிவிட்டார். ஒற்றைக் கட்டத்தில் அந்த வெற்றிடமே இல்லை. ஓவியம் இருக்கும், காமிக்ஸ் இருக்காது.

ரசிகர் பெருமை இன்னொரு பொறி. பக்கத்தை எழுதுபவர் பெரும்பாலும் அந்தக் காமிக்ஸின் தீவிர வாசகர். ஆகவே இருப்பதிலேயே அழகான பக்கத்தை, உச்சக்கட்டச் சண்டையை, வண்ணம் கொட்டிக் கிடக்கும் முழுப்பக்கத்தை எடுக்கிறார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஸ்டுடியோ போட்டோவைக் காட்டுவது போல. ஜெஃப் ஜாக்ஸ் 2003 முதல் வரைந்துவரும் 'கொஸ்டினபிள் கன்டென்ட்'டின் தொடக்க ஸ்ட்ரிப்பையும் பத்தாண்டு கழித்து வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கை வரைந்தது என்று நம்புவது கடினம். புதிய படத்தை மட்டும் பார்த்துவிட்டு முதல் பக்கத்தைத் திறக்கும் வாசகர் ஏமாறுவார். பழையதைப் பார்த்தவர் திறக்கவே மாட்டார்.

உரிமமும் தீர்ப்பை வளைக்கிறது. டேவிட் ரெவாயின் 'பெப்பர் அண்ட் கேரட்' கட்டற்ற உரிமத்தில் வருவதால் எந்தப் பக்கத்தையும் முழு அளவில் எடுத்துப் போடலாம். 'எக்ஸ்கேசிடி' உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதால், அந்த உரிமத்தோடு விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் அதை ஏற்காது. நியாயப் பயன்பாட்டையே அனுமதிக்காத ஜெர்மன் விக்கிப்பீடியா போன்றவற்றில் பெட்டி பல நேரம் காலியாகவே கிடக்கும், அல்லது ஏதோ விழாவில் எடுத்த ஓவியரின் போட்டோ வந்து உட்கார்ந்துகொள்ளும். பொருத்தமானது ஒருபுறம், கிடைப்பது ஒருபுறம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு படத்தை முகமாக நிறுத்தும் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். முதலாவது, அது வேலை செய்கிறது. வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு தேடி வருபவருக்கு, 'ஆமாம், இதேதான்' என்ற உறுதியைப் படம் ஒரு நொடியில் தருகிறது. அந்த ஆளுக்கு முகமே போதும். இரண்டாவது, ஒன்றுக்கு மேல் கூடாது என்ற நெருக்கடி நல்லது. இருபது படங்களைக் கொட்டிவிட்டுத் தப்பிக்க முடியாமல், படைப்பின் சாரம் எது என்று யோசிக்க வைக்கிறது. மூன்றாவது, சிறிய படம் ஓவியரின் பிழைப்பில் கை வைப்பதில்லை. முழுசாகப் படிக்க ஆசைப்பட்டவர் அவருடைய தளத்துக்குத்தான் போயாக வேண்டும்.

குறை வழக்கத்தில் இல்லை, தேர்வில் இருக்கிறது. அழகானதையும் புகழ்பெற்றதையும் விட்டுவிட்டு, சாதாரணமான ஒரு நாளின் ஸ்ட்ரிப்பை எடுப்பதே சரி என்பது என் கட்சி. முதல் நாளும் வேண்டாம், உச்சக்கட்டமும் வேண்டாம். குறைந்தது இரண்டு கட்டங்களாவது இருக்கட்டும். நடுவிலுள்ள வெற்றிடம் தெரியட்டும். பேச்சுக்குமிழ் படிக்கும்படி இருக்கட்டும். அதற்காக வசனம் குறைந்த நாளைத் தேடுவதில் தவறில்லை. வெளிவந்த தேதியை அடிக்குறிப்பில் போட்டுவிட்டால் பாணி மாறிய சிக்கல் பாதி தீரும். படத்தால் சொல்ல முடியாததையும் அடிக்குறிப்பே சொல்ல வேண்டும். டைனோசர் காமிக்ஸுக்குக் கீழே 'எல்லா நாளும் இதே படங்கள்தான்' என்று ஒரு வரி இருந்தால், ஒரு ஸ்ட்ரிப்பே இரண்டின் வேலையைச் செய்துவிடும்.

சோறு பதம் பார்ப்பவர்கள் மேலே மிதப்பதை எடுப்பதில்லை. கரண்டியை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். வடித்த பிறகு பானையில் என்ன இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அது; பரிமாறுவதற்கு அல்ல.