பனிக்கு விளையும் ருசி

மொச்சைக் காயை முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு பச்சையாகவும் பருமனாகவும் தெரிந்தாலும், ஒரு கை அள்ளினால் விரல்களில் மெல்லிய பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும். அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனால் எண்ணெய் கலந்த காட்டு வாசனை அடிக்க வேண்டும். அது இல்லாத காயில் ருசி பாதிதான். மார்கழி பிறந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சந்தைகளில் மொச்சையைச் சாக்கு விரித்துக் குவித்துப் போடுவார்கள். வாங்க வரும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். விலை கேட்பதற்கு முன்பே ஒரு கை அள்ளி முகர்ந்துவிடுவார்கள். பிறகு ஒரு காயை உரித்துக் கொட்டையில் நகத்தை வைப்பார்கள். வெள்ளை விளிம்பு கட்டிய அந்தப் பச்சைக் கொட்டையில் நகம் லேசாக இறங்கினால் சரியான பதம். நகம் வழுக்கினால் முற்றல். வேறு குவியலுக்குப் போய்விடுவார்கள்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர் என்று சொல்லத்தக்கது கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. கம்பளி கேட்கும் குளிர் இல்லை. ஆனால் சமையலறைக்கு அது தெரிந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே இறங்கிய காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். முந்தின மாலை கரைத்த தோசை மாவு விடியும்போது பாதிதான் பொங்கியிருக்கும். அந்த அரைப்புளிப்பு மாவில் வார்த்த தோசையில் உளுந்தின் இனிப்பு தனியாகத் தெரியும். கோடையில் எட்டு மணி நேரத்தில் புளித்து வழியும் மாவுக்கு அந்த ருசி வராது. சிலர் மாவுப் பாத்திரத்தை அடுப்போரம் தள்ளி வைத்துச் சூடு காட்டுவார்கள். நான் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். இந்த அறுபது எழுபது நாட்களில் கிடைக்கும் ருசிகள் எல்லாமே மெதுவாக வருபவை.

மொச்சையும் அப்படித்தான். நாட்டு மொச்சைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். ஆடியில் ராகியோடு ஊடுபயிராக விதைத்தாலும், ராகிக் கதிர் அறுபடும்வரை கொடியும் இலையுமாகவே நிற்கும். ராகி போன பிறகு நிலம் முழுதும் அதற்கு. மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் விடியற்காலைப் பனியுமே அதற்குத் தண்ணீர். அதில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. தோலோடு நறுக்கிப் பொரியல் செய்யும் அவரைக்காயும் இந்த மொச்சையும் தாவரவியலில் ஒரே இனம். ஒன்றைக் காய்க்காக வளர்த்தார்கள், மற்றதைக் கொட்டைக்காக. ஆண்டு முழுவதும் காய்க்கும் ரகங்களைப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தார் உருவாக்கித் தந்திருக்கிறார்கள். உழவருக்கு அது நல்லதுதான். ஆனாலும் பனியில் நனைந்த நாட்டுக் காயின் வாசனை ஆனி, ஆடியில் வாங்கும் காயில் எனக்குக் கிடைத்ததில்லை.

மொச்சையில் எத்தனையோ செய்யலாம். உரித்த பச்சைக் கொட்டையைக் கத்திரிக்காயோடு புளிக்குழம்பில் போடலாம். வெறுமனே உப்புப் போட்டு வேகவைத்துத் தேங்காய் தூவித் தின்னலாம். ஆனால் இந்தப் பருவத்தின் உச்சம் பிதுக்கம் பருப்பு. அதன் செய்முறையில் எழுதி வைக்க அதிகம் இல்லை. பச்சைக் கொட்டையை உரித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் தோல் தளர்ந்து, கொட்டையை விட்டு விலகி, மெல்லிய சுருக்கத்தோடு நிற்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கொட்டையைப் பிடித்து லேசாகப் பிதுக்கினால், மேல்தோல் விரலில் தங்கி, உள்ளே இருக்கும் வெளிர் பச்சைப் பருப்பு சளுக்கென்று பாத்திரத்தில் விழும். ஒரு கிலோ காய்க்கு உரித்தெடுத்தால் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. அதையும் தோல் நீக்கினால் இன்னும் சுருங்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குழம்பு வைக்க இரண்டு பேர் உட்கார வேண்டும்.

பாலக்கோட்டுப் பக்கம் என் பெரியம்மா ஒருவர் பிதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பிதுக்குவார். வலது கையில் ஒன்று விழும்போது இடது கை அடுத்ததை எடுத்திருக்கும். கண் பாத்திரத்தில் இருக்காது. பேச்சு யாருடைய கல்யாணத்திலோ இருக்கும். நான் பிடித்த பிடியில் பருப்பு நசுங்கி இரண்டாகப் பிளந்தது. "அழுத்தாத கண்ணு. கண்ணு இருக்கிற பக்கத்த மேல விட்டுட்டு, அடியில தொட்டாப் போதும். அதுவா வெளிய வரும்" என்றார். வெள்ளை விளிம்பு இருக்கும் பக்கத்தில் தோல் தடிப்பு; எதிர்ப்பக்கம்தான் எளிதில் கிழியும். விரல் வைக்க வேண்டிய இடம் அது. இரண்டு கைகளும் அந்த இடத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்துக்கொண்டிருந்தன. வாய்ப்பாட்டிலோ வீணையிலோ கைதேர்ந்தவர்களிடம் நாம் வியக்கும் லாவகம் எதுவோ, அதே லாவகம்தான் அது. அதற்குச் சபையும் கைதட்டலும் இல்லை, அவ்வளவே. பிதுக்கிய தோலைத் தனிக் கூடையில் போட்டு மாட்டுக்கு வைத்துவிடுவார்.

ஏன் இத்தனை பாடு? தோலோடு வேகவைத்த மொச்சை உறுதியாக நிற்கும். கடிக்கும்போது தோலின் துவர்ப்பு முதலில் வரும், பிறகுதான் மாவு. தோல் போன பருப்பு மசாலாவைத் தடையில்லாமல் உறிஞ்சும். வெந்த பருப்பு முழுசாகத் தெரியும், நாக்கு மேலண்ணத்தில் அழுத்தினால் வெண்ணெயாகக் கரையும். பாலின் துளி இல்லாத ஒரு குழம்புக்கு இந்தக் கொழுமை வருவது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். அதனால் இதைக் குக்கரில் வைக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். ஒரு விசிலில் கஞ்சியாகிவிடும். திறந்த பாத்திரத்தில், மசாலா கொதித்து மணம் வந்த பிறகு பருப்பைப் போட்டால் பத்து நிமிடத்தில் பதம் வந்துவிடும். மசாலாவும் அடக்கமாக இருக்க வேண்டும். தனியா, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய், கொஞ்சம் கசகசா, ஒரு துண்டு பட்டை, ஒரு கிராம்பு. இவற்றை வறுத்து அரைத்தால் போதும். பட்டையும் கிராம்பும் கூடினால் மொச்சையின் வாசனை ஓடிப்போகும். அந்த வாசனைக்காகத்தானே சந்தையில் அத்தனை குவியலை முகர்ந்தோம்!

இதற்குத் துணை ராகிக் களி. ஒரே நிலத்தில் பக்கத்துப் பக்கத்துச் சாலில் வளர்ந்த இரண்டும் ஒரே தட்டில் வந்து சேர்கின்றன. களிக்குத் தனியாக ருசி அதிகமில்லை, சூடும் கனமும்தான் அதன் குணம். குழம்புக்கோ ருசி அதிகம், அதைத் தாங்க ஒன்று வேண்டும். உருண்டையின் நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றி, கிள்ளிக் கிள்ளி மெல்லாமல் விழுங்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தாரும் இதே பருப்பை இதே போலப் பிதுக்கி ராகி முத்தையோடு உண்கிறார்கள். பெங்களூருவில் இந்தக் காய்க்கென்றே மேளா நடத்துமளவுக்கு அவர்களுக்கு இதன்மேல் பிரியம். தோசையிலிருந்து இனிப்பு வரைக்கும் அங்கே அவரைப் பருப்புத்தான். இனிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, கறிவேப்பிலையும் உப்பும் தூவிய பருப்புக்கு மட்டும் எத்தனை கை வேண்டுமானாலும் நீட்டலாம்.

காவிரிக் கரைப் பக்கம் வந்தால் பருவத்தின் ருசி திருவாதிரையன்று கூடுகிறது. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில் வீட்டிலிருந்த மாவைக் கொண்டு களி கிண்டித் தில்லை நடராசருக்குப் படைத்தார் என்பது கதை. இன்றைக்கு வறுத்த அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெல்லமுமாகக் களி செய்கிறார்கள். நெய்யை அள்ளி ஊற்றுவது பலருக்கு வழக்கம்; தேங்காய்த் துருவலைத் தாராளமாகப் போட்டால் நெய் இல்லாமலே களி நிறைவாக இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் எனக்குக் களி ஒரு சாக்கு. அதோடு வரும் ஏழுகறிக் கூட்டுக்காகத்தான் நான் இலை முன்னால் உட்காருவது. சில வீடுகளில் அதையே தாளகம் என்பார்கள். பூசணி, பரங்கி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, அவரை, மொச்சை என்று அந்தந்த வாரம் தோட்டத்தில் இருப்பவை. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். காய் நாட்டுக் காயாக இருக்க வேண்டும். காரட்டும் உருளைக்கிழங்கும் வாசலோடு நின்றுவிடும். இந்த விதியில் பக்தி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சமையல் அறிவும் இருக்கிறது. சேனையின் காறலையும் வாழைக்காயின் துவர்ப்பையும் புளி அடக்குகிறது. பரங்கியும் வள்ளிக்கிழங்கும் இனிப்பைத் தருகின்றன. வறுத்து அரைத்த எள் இவை எல்லாவற்றையும் ஒரே குழம்பாகக் கட்டுகிறது. வேகும் நேரம் வெவ்வேறு என்பதால் எதை முதலில் போடுவது என்பதில்தான் கைப்பக்குவம். சேனை முதலில், பரங்கி கடைசியில். பரங்கியை முன்னால் போட்டால் அது கரைந்து கூட்டையே இனிப்பாக்கிவிடும்.

இன்னும் தெற்கே, நெல்லையிலும் தென்காசியிலும், இதே நாட்களுக்குரிய பொருள் சிறுகிழங்கு. நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுவரை, மண் அப்பிக்கொண்டு, கறுத்த தோலோடு வரும். கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு போய்விடும். அதனால் தண்ணீரில் ஊறவைத்து, சாக்குப் பையில் போட்டு வாயைக் கட்டி, கல்லில் அடித்துத் தேய்ப்பார்கள். கிழங்குகள் ஒன்றையொன்று உரசித் தோல் உரியும். மிஞ்சியதைத்தான் கத்தி தொடும். எப்படிச் செய்தாலும் விரல் நுனியில் கறை ஏறும். பொங்கலுக்குப் பிறகு இரண்டு நாள் அந்தக் கறை போகாது. இந்தப் பாடெல்லாம் பட்டுக் கிடைப்பது ஒரு தனி மணம். ஈர மண்ணின் மணத்தில் கொஞ்சம் பச்சிலை கலந்தாற்போல இருக்கும். அதைக் காப்பாற்றச் சின்ன வெங்காயம், சீரகம், மிளகாய், தேங்காய் தட்டிப்போட்ட பொரியல் போதும். அதற்குமேல் எது சேர்த்தாலும் கிழங்குக்கு இடைஞ்சல்.

மொச்சையைப் பிதுக்கும்போதும் சிறுகிழங்கை உரசும்போதும் ஒன்று புரிகிறது. பனிக்காலச் சமையலில் பெரும்பகுதி வேலை அடுப்பை மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உரிப்பது, ஊறவைப்பது, பிதுக்குவது, தேய்ப்பது. அடுப்பில் வைத்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தோடு நிறுத்திக்கொள்பவரே நல்ல சமையல்காரர். உரித்த மொச்சையைக் கவரில் போட்டு விற்கிறார்கள் இப்போது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் தோலை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்தே அந்த வாசனை குறையத் தொடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காவது காயாக வாங்கிப் பாருங்கள்.

சின்னச் சின்ன சுகங்களும் இதே நாட்களில்தான். மலையிலிருந்து இறங்கும் பச்சை மிளகுக் கொத்தை அலசி, உலர்த்தி, உப்பும் எலுமிச்சைச் சாறுமாகப் பாட்டிலில் போட்டு வைத்தால் சில நாட்களில் காரம் சாற்றில் இறங்கிவிடும்; பழைய சோற்றுக்கு ஒரு கொத்து போதும். மாங்காய் இஞ்சி, பச்சை மஞ்சள், இஞ்சி மூன்றையும் மெல்லிசாக நறுக்கி இதே சாற்றில் ஊறவைத்தால், அன்றைக்கே தின்னலாம். பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நீளவாக்கில் பிளந்து, நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு மென்றால் மாலை நேரம் போவது தெரியாது. கருப்பட்டி போட்ட சுக்கு மல்லிக் காபி அதற்குச் சரியான துணை. சுக்கைப் பொடியாக வாங்காமல் அம்மியில் நசுக்கிப் போட்டால் அதன் காரம் தொண்டையில் இறங்கி நிற்கும்.

பொங்கலன்று மிஞ்சிய குழம்பு, கூட்டு, பொரியல் அத்தனையையும் நெல்லையில் ஒரே மண்சட்டியில் கொட்டிச் சிறு தீயில் சுண்டவைப்பார்கள். அதுதான் சுண்டக்கறி. மாட்டுப் பொங்கல் காலையில் பழைய சோற்றோடு அதைச் சாப்பிடும்போது பரங்கியும் கத்திரியும் அடையாளம் தெரியாமல் மசிந்திருக்கும். சிறுகிழங்கு மட்டும் உருக்குலையாமல், உள்வரைக்கும் புளி ஏறி, தொட்டால் அழுந்தும் பதத்தில் கிடக்கும். முந்தைய நாள் விருந்தில் இருந்த எந்தக் கறியையும்விட அந்தக் கிழங்கு ஒரு படி மேல் என்பேன். பொரியலுக்கு அரைக் கிலோ போதும் என்றாலும் ஒரு கிலோவாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.